நகர இடம் கொடுத்தால் நிற்கும் மேசை

மேசை மூன்று இடத்தில்தான் உடையும். காலும் சட்டமும் சேரும் மூலையில் ஆடும். மேல்பலகையின் நடுவில் நீளவாக்கில் வெடிக்கும். தரையைத் தொடும் காலடியில் உளுக்கும். பெரம்பலூரில் நான் பட்டறை வைத்த நாளிலிருந்து, பழுதுக்கு வரும் மேசையை முதலில் கவிழ்த்துப் போட்டுத்தான் பார்க்கிறேன். வியாதி பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். மூலை ஆடினால் அங்கே துருப்பிடித்த ஆணி இருக்கும். அந்தத் துரு மரத்தைத் தின்று ஓட்டையைப் பெரிதாக்கியிருக்கும். மேல்பலகை வெடித்திருந்தால் சட்டத்தோடு சேர்த்து எட்டு, பத்து திருகாணி போட்டு இறுக்கியிருப்பார்கள். காலடி உளுத்திருந்தால் அது வீடு கழுவிய தண்ணீர் ஏறியதாக இருக்கும்.

மரம் மட்டமானது என்ற ஒரே காரணத்துக்காக உடைந்து வருகிற மேசை குறைவு. தேக்கு மேசையும் இந்த மூன்று இடத்தில்தான் உடைந்து வருகிறது. அதனால், “வீட்டிலேயே ஒரு மேசை செய்யலாமா, எந்த மரம் வாங்கலாம்?” என்று கேட்பவர்களிடம் மரத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்பேன். மரம் ஒழுங்காகக் காய்ந்ததா, மூலைப் பொருத்து சரியா, பலகை அசைய இடம் விட்டிருக்கிறதா என்ற மூன்று கேள்விதான் மேசையின் ஆயுளைச் சொல்லும்.

எங்கள் மாவட்டத்தில் மரவேலை என்றால் எல்லோருக்கும் அரும்பாவூர்தான் நினைவுக்கு வரும். பச்சைமலை அடிவாரத்தில், வேப்பந்தட்டை வட்டத்தில் இருக்கும் ஊர். அங்கேயும் பக்கத்துத் தழுதாழையிலும் சாமி சிலையும் கோயில் வாகனமும் செதுக்குகிறார்கள். 2020ஆம் ஆண்டு அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் சிற்பம் செதுக்குகிறவன் இல்லை. நிலை, கதவு, கட்டில், மேசை செய்கிற தச்சன். ஆனாலும் சிறு வயதில் அந்த ஊர்ப் பட்டறைகளில் நின்று பார்த்ததை மறக்க முடியாது. செதுக்க உட்காருவதற்கு முன்னால் அவர்கள் மரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, உள்மரமான வைரம் எங்கே முடிந்து வெளிமரமான வெள்ளை எங்கே தொடங்குகிறது, கணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்த பிறகுதான் உளியைத் தொடுவார்கள். சிம்ம வாகனத்துக்கு வேண்டிய இந்தப் பார்வை நாலு கால் மேசைக்கும் வேண்டும்.

என் அக்கா மகன் அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கிறான். ஒரு கார்த்திகை மழையில் அவன் வீட்டுக் கொல்லையில் இருந்த பெரிய வேம்பு சாய்ந்துவிட்டது. விறகுக்கு விலை பேச ஆள் வந்தபோது எனக்குப் போன் செய்தான். “மாமா, பாப்பா படிக்க ஒரு மேசை வேணும். இந்த மரத்துல ஆகுமா? நானே செய்யணும், நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க” என்றான். “ஆகும் மாப்ள. ஆனா இந்தப் பரீட்சைக்கு ஆகாது, அடுத்த பரீட்சைக்கும் ஆகாது. காய விடணும்” என்றேன். அப்படி அவன் செய்த மேசையின் கணக்கைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். முதல் முறை செய்கிறவருக்கு அது போதும்.

மரவாடியில் கேட்டால் எல்லோரும் தேக்கு என்பார்கள். தேக்கு நல்ல மரம்தான். குறைவாகச் சுருங்கும், இழைக்க எளிது, கரையான் லேசில் நெருங்காது. பர்மாவிலிருந்து வந்த மரத்துக்கு ஒரு காலத்தில் தனி மதிப்பு. 2014 ஏப்ரலில் அந்த நாடு முழு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. ஆனால் படிக்கிற மேசைக்குத் தேக்கு கட்டாயமில்லை. நம் ஊர் வேம்பு, பூவரசு, வாகை, பலா எல்லாம் தாங்கும். பூவரசு வண்டிக்கும் ஏர்க்காலுக்கும் உழைத்த மரம். வாகையின் வைரம் கருத்து, அழகான ரேகையோடு வரும். வேம்பின் வைரம் செம்பழுப்பு நிறம், பூச்சிக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். வேம்பில் ஒரு சிரமம் மட்டும் உண்டு. அதன் நார் இரண்டு வாக்காகப் பின்னிக் கிடக்கும். இழைப்புளி ஒரு பக்கம் வழுக்கி ஓடும், இன்னொரு பக்கம் நாரைப் பிய்த்துக்கொண்டு வரும். அலகை நன்றாகத் தீட்டி, மெல்லிய சீவலாக எடுத்தால் அந்தச் சிரமம் தீர்ந்துவிடும்.

எந்த மரமானாலும் ஓரத்து வெள்ளையை ஒதுக்கிவிட வேண்டும். மரம் தன் மாவுச்சத்தைச் சேர்த்து வைப்பது அந்த வெளிப்பகுதியில்தான். உளுப் பூச்சி தேடி வருவதும் அதைத்தான். பலகையில் குண்டூசி முனை அளவு ஓட்டையும் கீழே மாவு உதிர்ந்ததும் தெரிந்தால் அது பெரும்பாலும் வெள்ளைப் பகுதியாக இருக்கும். வாகையையும் பனையையும் முன்பு ஏரித் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டது இதற்காகத்தான். தண்ணீரில் மாவுச்சத்து குறைந்து போய்விட்டால் பூச்சிக்கு அங்கே வேலை இல்லை.

விழுந்த வேம்பை வெட்டிய அன்றே, வெட்டுமுகங்களில் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசச் சொன்னேன். மிச்சமிருக்கும் பழைய பெயின்ட்டும் பூசலாம். மரத்தின் ஈரம் பக்கவாட்டில் வெளியேறுவதைவிட வெட்டுமுகம் வழியாகப் பலமடங்கு வேகமாக வெளியேறும். முனை மட்டும் முதலில் காய்ந்து சுருங்கினால் அங்கிருந்து வெடிப்பு ஓடும். பிறகு மரத்தை அறுப்பு மில்லுக்குக் கொண்டுபோய், சட்டத்துக்கும் காலுக்கும் ஒன்றரை அங்குலம், மேல்பலகைக்கு ஒன்றேகால் அங்குலம் என்று பலகையாக அறுத்துக்கொண்டு வந்தோம்.

அறுத்த பலகையை அடுக்குவது ஒரு தனி வேலை. கூரை நிழல் வேண்டும், காற்று போய்வர வேண்டும். தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ஒரு அங்குலக் கனத்தில் குறுக்குக் குச்சி வைக்க வேண்டும். குச்சிகள் ஒன்றரை, இரண்டு அடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். குச்சி விலகினால் பலகை அந்த இடத்தில் வளைந்து, வளைந்தபடியே காய்ந்துவிடும். உச்சியில் கனம் ஏற்ற வேண்டும். அரியலூரில் சுண்ணாம்புக் கல்லுக்கா பஞ்சம்? அதையே நாலைந்து தூக்கி வைத்தோம். ஆடிக் காற்று நேராக அடிக்கும் மேற்குப் பக்கத்தில் சாக்குப் படுதா கட்டினோம். அந்தக் காற்றும் சித்திரை வெயிலும் பட்டால் பலகையின் மேல்தோல் உள்ளே இருப்பதற்கு முன்னால் காய்ந்து பிளந்துவிடும்.

ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. அதைவிடத் துல்லியமான வழியும் உண்டு. அடுக்கில் இருந்து ஒரு பலகையை எடுத்து, தராசில் நிறுத்து, எடையையும் தேதியையும் அதன் மேலேயே பென்சிலால் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை நிறுத்து எழுதிவர வேண்டும். முதலில் எடை மளமளவென்று இறங்கும், பிறகு மெதுவாகும். அடுத்தடுத்த மாதங்களில் எடை அதே இடத்தில் நின்றால் அந்த ஊர்க் காற்றுக்கு மரம் பழகிவிட்டது என்று பொருள். என் மருமகன் ஆலையில் அளவு எடுத்தே பழகியவன், இந்த வேலையை ஒரு மாதம்கூடத் தவறவிடவில்லை.

காய்ந்த மரமும் அசைவதை நிறுத்துவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும். சித்திரை, வைகாசியில் அதை விட்டுச் சுருங்கும். நம் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் பாளம்பாளமாக வெடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மரமும் அந்தக் குணம்தான். ஆனால் மரத்தின் அசைவுக்குத் திசை உண்டு. நீளவாக்கில் அது அசைவது கண்ணுக்கே தெரியாது. அகலவாக்கில்தான் அசையும். அதிலும் வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில் சுருங்குவதைப்போலச் சுமார் இரண்டு மடங்கு. இரண்டடி அகல மேல்பலகை மழைக்கும் வெயிலுக்கும் நடுவே கால் அங்குலம் வரை, எங்கள் கணக்கில் இரண்டு நூல், வித்தியாசப்படலாம். எட்டு நூல் ஒரு அங்குலம். அந்த இரண்டு நூலுக்கு இடம் விடாமல் இறுக்கினால் மரம் தானே இடம் எடுத்துக்கொள்ளும். அதைத்தான் நாம் வெடிப்பு என்கிறோம்.

இனி அளவு. மேசை உயரம் 30 அங்குலம். மேல்பலகை நாலடி நீளம், இரண்டடி அகலம், இழைத்த பிறகு ஒரு அங்குலக் கனம். கால் இரண்டரை அங்குலச் சதுரம், 29 அங்குல நீளம். சட்டம் நாலு அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம். சட்டத்துக்குக் கீழே 25 அங்குலம் கிடைக்கும், உட்காருகிறவர் முழங்கால் இடிக்காது. பலகை நாலு பக்கமும் இரண்டு அங்குலம் வெளியே நீளும் என்று வைத்தால், நீளச் சட்டம் நாக்கோடு சேர்த்து 42 அங்குலம், குறுக்குச் சட்டம் 18 அங்குலம். இரண்டரை அங்குலக் கனத்தில் ஒரே மரத்தைக் காயவைக்க வருடங்கள் பிடிக்கும். ஆகவே ஒன்றேகால் அங்குலத்துக்கு இழைத்த இரண்டு பலகையை ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக் காலாக்கினோம். ஒன்றின் வளைவு மற்றதன் வளைவுக்கு எதிராக இருக்கும்படி ஒட்டினால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், கால் நேராக நிற்கும்.

கருவி அதிகம் வேண்டாம். கைவாள், இழைப்புளி, மூன்று நூல் உளி ஒன்று, ஒரு அங்குல உளி ஒன்று, கொட்டாப்புளி, மூலைமட்டம், டிரில், தீட்டுக்கல். இதில் முக்கியமானது தீட்டுக்கல். மழுங்கிய உளியைக் கொண்டுவந்து பலத்தால் தள்ளுகிறவருக்குத்தான் கை வெட்டுப்படும்.

மூலைப் பொருத்துக்கு வந்தபோது மருமகன் கேட்டான். “மாமா, நாலு எல் ஆங்கிள் வாங்கி ஸ்க்ரூ போட்டு முறுக்கிட்டா ஆச்சு. எதுக்கு இவ்ளோ மெனக்கெடணும்?”

“முறுக்கலாம் மாப்ள. பாப்பா மேசைய இழுப்பா, தள்ளுவா, மேல ஏறி உக்காருவா. ஒவ்வொரு இழுப்புக்கும் ஸ்க்ரூ மரத்தை அரைச்சுக்கிட்டே இருக்கும். அரைச்ச மரம் திரும்பி வராது.”

மேசையை நேராக அமுக்கும் பாரம் அதை உடைப்பதில்லை. நாலு கால் எவ்வளவோ தாங்கும். பக்கவாட்டில் தள்ளும்போதுதான் கால் நெம்புகோலாகி மூலையைப் பிளக்கப் பார்க்கும். அந்த நெம்பலை ஒரு திருகாணியின் மரையில் விடாமல், நாலு அங்குலச் சட்டத்தின் முழு அகலத்திலும் பரப்பிவிடுவதுதான் துளையும் நாக்கும் செய்கிற வேலை. சட்டத்தின் முனையை நாக்காகச் செதுக்கி, காலில் அதே அளவில் துளை எடுத்துச் செருகுவது. நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றேகால் அங்குலச் சட்டத்துக்கு மூன்று நூல். நாக்கின் அகலம் மூன்று அங்குலம், மேலும் கீழும் அரை அங்குலம் விட்டு. மேலே விடும் அரை அங்குலம் அவசியம். விடாவிட்டால் துளை காலின் உச்சியில் வாய் திறந்து, நெம்பும்போது பிளந்துகொள்ளும். துளையின் ஆழம் ஒன்றரை அங்குலம். அதற்கு மேல் போனால் பக்கத்துச் சட்டத்தின் துளையை முட்டும்.

துளையை முதலில் எடுக்க வேண்டும், பிறகு அதற்குத் தகுந்தபடி நாக்கை அறுக்க வேண்டும். நாக்கைச் சீவிச் சரிசெய்வது எளிது, துளையைச் சுருக்க முடியாது. டிரில்லால் வரிசையாகத் துளைத்துவிட்டு, உளியால் சுவரைச் செங்குத்தாக எடுக்கலாம். கோட்டைப் பென்சிலால் போடாமல் கத்தி முனையால் கீற வேண்டும். உளியின் முனை அந்தக் கீறலில் போய்த் தானே உட்காரும். நாக்கு கையால் தள்ளினால் பாதி வரை போக வேண்டும், மீதி கொட்டாப்புளியின் மெல்லிய தட்டில் போக வேண்டும். தட்டாமலே முழுதும் போனால் தளர்வு. ஓங்கி அடித்தால்தான் போகிறது என்றால் கால் பிளக்கும்.

பொருத்தியதும் மூங்கில் ஆணி. கால் வழியாக நாக்கை ஊடுருவி இரண்டு நூல் விட்டத்தில் ஓட்டை போட்டு, முற்றிய மூங்கிலைச் சீவி அடிப்பது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காலில் ஓட்டை போட்ட பிறகு நாக்கை வெளியே எடுத்து, நாக்கிலுள்ள ஓட்டையை அரை நூல், நாக்கு தொடங்கும் தோள்பக்கமாகத் தள்ளிப் போட்டு, பிசின் தடவித் திரும்பச் செருக வேண்டும். ஆணி உள்ளே போகும்போது இரண்டு ஓட்டையையும் நேராக்கப் பார்க்கும், அந்த முயற்சியில் சட்டத்தைக் காலோடு இழுத்து அணைத்துவிடும். பிசின் எத்தனை வருடத்துக்குப் பிறகு கைவிட்டாலும் இந்த ஆணி பிடித்திருக்கும். இரும்புக்கு உள்ள துரு மூங்கிலுக்கு இல்லை.

நாலு சட்டமும் நாலு காலும் சேர்ந்ததும், பிசின் காய்வதற்குள் ஒரு கயிற்றை எடுத்து மூலைக்கு மூலை அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சட்டகம் சதுரம். வித்தியாசம் இருந்தால் நீண்ட மூலைகளை இரண்டு கையாலும் அமுக்கினால் சரியாகும். கிளாம்ப் இல்லாதவர் சட்டகத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் குச்சி செருகி முறுக்கலாம். அந்த இறுக்கம் தாராளமாகப் போதும்.

மேல்பலகைக்கு ஆறு அங்குல அகலத்தில் நாலு பலகை. விளிம்பை இழைத்து, இரண்டை ஒன்றின் மேல் ஒன்று நிறுத்தி, பின்னால் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவும் இடம் இன்னும் இழைக்க வேண்டிய இடம். வெளிச்சம் முழுதும் அடைபட்ட விளிம்பில் வெள்ளைப் பிசின் தடவி ஒட்டினால், பிறகு மரமே பிளந்தாலும் ஒட்டு விடாது. ஒட்டிய பலகையைச் சட்டகத்தோடு சேர்க்கத்தான் மரக்கொக்கி. இரண்டு அங்குலத் துண்டில் ஒரு பக்கம் உதடு வைத்துச் செதுக்கியது. சட்டத்தின் உட்பக்கத்தில் வெட்டிய காடியில் உதடு நுழையும், மறுபக்கம் திருகாணியால் பலகையோடு சேரும். பலகை விரியும்போதும் சுருங்கும்போதும் கொக்கி காடியில் சறுக்கிப் போய்வரும். பலகை மேலே எழும்பாது, அதே சமயம் கட்டுப்பட்டும் கிடக்காது. பழுதுக்கு வந்த எத்தனையோ மேசைகளில் வெடித்த பலகையைத் திரும்ப ஒட்டி, திருகாணிகளைப் பிடுங்கிவிட்டு இந்தக் கொக்கியைத்தான் போட்டிருக்கிறேன்.

மேசை ஆடினால் காலை அவசரப்பட்டு அறுக்கக் கூடாது. நம் வீடுகளில் தரையும் ஏறி இறங்கி இருக்கும். மட்டமான பலகையின் மேல் நிறுத்தி, ஆடும் காலுக்கு அடியில் சிறு ஆப்பு செருகி, ரசமட்டம் வைத்து மேல்பலகையைச் சமமாக்க வேண்டும். பிறகு ஒரே கனமுள்ள கட்டையின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து, நாலு காலையும் சுற்றிக் கோடு போட்டு அறுத்தால் ஆட்டம் நிற்கும்.

பூச்சுக்கு உப்புத்தாள் 80, 120, 180 என்று வரிசையாகத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயில் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து துணியால் தடவினோம். இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. எண்ணெய் காய்கிறபோது சூடு பிறக்கும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு அடைபட்டுத் தானே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

காலடிக்கு மட்டும் எண்ணெயை மீண்டும் மீண்டும், குடிப்பதை நிறுத்தும்வரை ஊட்ட வேண்டும். தண்ணீர் வெட்டுமுகம் வழியாகத்தான் ஏறும். எங்கள் மாவட்டத்திலேயே இதற்குப் பாடம் கிடக்கிறது. சாத்தனூரில் கல்லாகிப் போன மரத்தை 1940இல் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தார். 18 மீட்டருக்கு மேல் நீளம். இந்த நிலம் கடலாக இருந்த காலத்தில் சேற்றில் புதைந்த மரம் அது. காற்றுப் படாத சேற்றில் பூஞ்சை வாழ முடியவில்லை. அழுகாமல் கிடந்த மரத்தில் கனிமங்கள் ஊறி அது கல்லாயிற்று. மரத்துக்கு வயது பகை இல்லை. ஈரமும் காற்றும் சேர்ந்து பூஞ்சைக்கு இடம் கொடுப்பதுதான் பகை. வீட்டு மேசையின் காலடியை உலர்வாக வைத்தால் பூஞ்சை அண்டாது.

கடையில் கிடைக்கும் தூள் அமுக்கிய பலகை மேசை விலை குறைவுதான். ஆனால் தண்ணீர் பட்டால் ஓரம் உப்பிவிடும், திருகாணி ஒருமுறை பிடுங்கிக்கொண்டால் மறுபடி பிடிக்க அதில் மரம் இல்லை. அந்த மேசைகளைப் பழுதுக்குக் கொண்டுவருகிறவர்களிடம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பழுதுபார்க்க முடியாத ஒரு பொருளை வீட்டுக்குள் விடுவதைவிட, கொல்லை வேம்பில் ஒன்றரை வருடம் காத்திருந்து செய்த மேசை எவ்வளவோ மேல். அதில் எந்த உறுப்பு போனாலும் அந்த உறுப்பை மட்டும் மாற்றலாம்.

துளையும் நாக்கும் சுத்தமாக எடுக்கத் தெரிந்துவிட்டால் மேசையோடு நிற்க வேண்டியதில்லை. பெஞ்சும் கட்டிலும் வாசல் நிலையும் இதே பொருத்தில்தான் நிற்கின்றன, நீள அகலம்தான் வேறு. என் மருமகன் இப்போது மீதிப் பலகையில் பெஞ்ச் செய்துகொண்டிருக்கிறான். துளையை அவனே எடுக்கிறான், நான் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் ஒரு வேம்போ பூவரசோ சாய்ந்தால் விறகுக்கு விலை பேசும் முன் அடிமரத்தை அளந்து பாருங்கள். முக்கால் அடி விட்டத்துக்கு மேல் நேராக இருந்தால், அதற்குள் ஒரு நல்ல மேசை இருக்கிறது.